கறுப்பாக இல்லாத கருங்கரடிகள்

கருங்கரடி என்று நாம்தான் பெயர் வைத்திருக்கிறோம், அந்தப் பெயர் கரடிக்குத் தெரியாது. வட அமெரிக்கக் காடுகளில் திரியும் கருங்கரடிகளில் பெரும்பாலானவை மினுமினுக்கும் கறுப்புதான். ஆனால் அதே கூட்டத்தில் சாக்லெட் பழுப்பு உண்டு, இலவங்கப்பட்டை நிறம் உண்டு, காய்ந்த வைக்கோல் நிறம் உண்டு, நீலம் கலந்த சாம்பல் உண்டு. ஏன், பால்வெள்ளைகூட உண்டு. இவை வேறு வேறு இனங்கள் அல்ல. எல்லாம் ஒரே சிற்றினம். அறிவியல் பெயர் உர்சஸ் அமெரிக்கானஸ். ஒன்றோடொன்று கூடிக் குட்டி போடும். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளில் ஒன்று கறுப்பாகவும் மற்றது பழுப்பாகவும் இருக்கலாம். கறுப்புத் தாய்க்குப் பின்னால் பழுப்புக் குட்டிகள் ஓடுவதும், பழுப்புத் தாயிடம் கறுப்புக் குட்டி பால் குடிப்பதும் அங்கே அதிசயம் இல்லை.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்றால், ‘பழுப்புக் கரடி’ என்று தனியாக இன்னொரு சிற்றினம் இருக்கிறது. அதன் பெயர் உர்சஸ் ஆர்க்டோஸ். வட அமெரிக்காவின் உட்பகுதிகளில் வாழும் பழுப்புக் கரடியைத்தான் கிரிஸ்லி என்கிறார்கள். ஆக, பழுப்பு நிறத்தில் இருக்கும் கருங்கரடி வேறு, பழுப்புக் கரடி வேறு. போதாததற்கு, பழுப்புக் கரடிகளிலேயே சில ஏறக்குறைய கறுப்பாக இருக்கும். இதை முதல் தடவை படித்தபோது எனக்கும் தலை சுற்றியது. இதைத் தவிர ஆசியாவில் இன்னொரு கருங்கரடி இருக்கிறது, நெஞ்சில் பிறை போன்ற வெளிர் அடையாளத்துடன். அது தனிச் சிற்றினம், அதற்கு இந்தக் கட்டுரையில் வேலை இல்லை. இங்கே பேசப்போவது அமெரிக்கக் கருங்கரடியைப் பற்றி மட்டும்.

அப்படியானால் கறுப்பு என்ற பெயர் எப்படி வந்தது? வரைபடத்தைப் பார்த்தால் புரியும். அமெரிக்கக் கண்டத்தின் கிழக்குப் பக்கம் கிட்டத்தட்ட எல்லாக் கருங்கரடியும் கறுப்பு. ஐரோப்பியர்கள் முதலில் குடியேறியது அந்தப் பக்கம்தான். அவர்கள் கண்ணில் பட்டவை கறுப்பு, அதையே பெயராக்கிவிட்டார்கள். 1780-ல் பீட்டர் சைமன் பல்லாஸ் இந்த விலங்குக்கு அறிவியல் பெயர் கொடுத்ததும் கிழக்கே வாழும் கரடிகளை வைத்துத்தான். மேற்கே போகப் போகக் கதை மாறுகிறது. ராக்கி மலைத்தொடரிலும் அதற்கு அப்பாலும் பழுப்பு வகைகள் சர்வ சாதாரணம். கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் கருங்கரடிகளில் பெரும்பகுதி பழுப்புதான். முதலில் குடியேறியவர்கள் மேற்குக் கரையில் வந்து இறங்கியிருந்தால் இந்தக் கரடிக்கு என்ன பெயர் வந்திருக்கும் என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு.

முடிக்கு நிறம் எப்படி வருகிறது

கரடியின் முடியை ஒரு வெறும் குழல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நிறமித் துகள்கள் அடைக்கப்படுகின்றன. முடியின் வேரில் இருக்கும் தனிச் செல்கள் நிறமியைத் தயாரித்து, முடி வளர வளர அதற்குள் ஊட்டிக்கொண்டே இருக்கும். அந்த நிறமியின் பெயர் மெலனின். நம் தலைமுடிக்கும் தோலுக்கும் நிறம் தருவதும் அதே மெலனின்தான்.

மெலனினில் இரண்டு வகை. ஒன்று யூமெலனின், கறுப்பும் கரும்பழுப்பும் இதன் வேலை. இன்னொன்று ஃபியோமெலனின், மஞ்சளும் செம்மையும் இதன் பங்கு. பாலூட்டிகளின் உடலில் நீங்கள் பார்க்கும் நிறங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டையும் கூட்டியும் குறைத்தும், அடர்த்தியாகவும் நீர்த்தும் கலந்தவைதான். நீலச் சாயமோ பச்சைச் சாயமோ கரடியின் முடியில் கிடையாது.

செல் எந்த வகையைத் தயாரிக்க வேண்டும் என்று யார் சொல்வது? செல்லின் மேற்பரப்பில் எம்.சி.1.ஆர். என்ற ஏற்பி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஸ்விட்ச் மாதிரி. அது ‘ஆன்’ நிலையில் இருந்தால் கறுப்பு நிறமி தயாராகும். வேலை செய்யாவிட்டால் செல் வெளிர் மஞ்சள், செம்மை வகைக்குப் போய்விடும். ஸ்விட்ச் சரியாக இருந்தாலும் உள்ளே இயந்திரங்கள் ஒழுங்காக ஓட வேண்டும் அல்லவா? அந்த இயந்திரங்களில் ஒன்று டி.ஒய்.ஆர்.பி.1 என்ற புரதம். யூமெலனின் முழுக் கறுப்பாக முதிர்வதற்கு இது தேவை. இது பழுதானால் கறுப்பு கறுப்பாக முடியாமல் பழுப்பிலேயே நின்றுவிடும்.

இந்த இரண்டு பெயர்களும் வாயில் நுழையவில்லை என்றால் பரவாயில்லை, லாப்ரடார் நாயை நினைத்துக்கொள்ளுங்கள். லாப்ரடாரில் மூன்று நிறங்கள்: கறுப்பு, சாக்லெட், மஞ்சள். ஸ்விட்சும் இயந்திரமும் சரியாக இருந்தால் கறுப்பு. ஸ்விட்ச் சரி, டி.ஒய்.ஆர்.பி.1 இயந்திரம் பழுது என்றால் சாக்லெட். எம்.சி.1.ஆர். ஸ்விட்சே வேலை செய்யாவிட்டால் மஞ்சள். மூன்றுமே லாப்ரடார்தான், மஞ்சள் லாப்ரடாரை வேறு இன நாய் என்று யாரும் சொல்வதில்லை. கருங்கரடிகளிலும் ஏறக்குறைய இதே இரண்டு இடங்களில்தான் மாற்றம் நடந்திருக்கிறது. நாயின் டி.என்.ஏ.வில் நடந்த அதே எழுத்துமாற்றம் அல்ல, ஆனால் அந்த ஸ்விட்சையும் இயந்திரத்தையும் உருவாக்கச் சொல்லும் மரபணுக்கள் அதே மரபணுக்கள்தான். நாய்க்கும் கரடிக்கும் இடையே எவ்வளவோ தூரம். ஆனாலும் நிறம் மாற்ற வேண்டும் என்றால் இயற்கை சுற்றிச் சுற்றி அதே கதவுகளைத்தான் தட்டுகிறது.

இலவங்கப்பட்டை நிறத்தின் கதை

மேற்கில் இருக்கும் செம்பழுப்புக் கரடிகளை அங்குள்ளவர்கள் இலவங்கப்பட்டைக் கரடி என்றே அழைப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இதற்கென்று தனித் துணைச் சிற்றினப் பெயர்கூடக் கொடுத்தார்கள். ஆனால் இந்த நிறம் ஏன் வருகிறது என்பதற்கு மரபணு அளவில் தெளிவான விடை கிடைக்க 2022 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மெம்பிஸ் பல்கலைக்கழகத்தின் எமிலி பக்கெட்டும் அவரோடு சேர்ந்து உழைத்தவர்களும் அந்த ஆண்டு ‘கரன்ட் பயாலஜி’ ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, டி.ஒய்.ஆர்.பி.1 மரபணுவில் இருந்த ஒரே ஓர் எழுத்துமாற்றத்தைக் கையும் களவுமாகப் பிடித்தது.

ஒரே ஓர் எழுத்து என்று சொல்வது அலங்காரப் பேச்சு இல்லை. புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சரம். இந்தப் புரதத்தின் 153-ஆவது மணியாக ஆர்ஜினின் இருக்க வேண்டும். டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து மாறியதால் அங்கே சிஸ்டீன் வந்து உட்கார்ந்துவிட்டது. மணி மாறியதும் புரதம் போக வேண்டிய இடத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்வதில்லை, நிறமி உற்பத்தி குறைகிறது. விளைவு, காட்டில் செம்பழுப்பாக ஒரு கரடி நடந்து போகிறது. மனிதர்களிலும் இதே மரபணு பழுதாவதுண்டு. அப்போது தோலும் முடியும் செம்மை படிந்து வெளிறிப்போகும் ஒரு வகை நிறமிக் குறைபாடு வருகிறது.

இதே ஆய்வில் வந்த இன்னொரு செய்திதான் எனக்கு மிகவும் பிடித்தது. கிரிஸ்லி போன்ற பழுப்புக் கரடிகளிலும் அதே டி.ஒய்.ஆர்.பி.1 மரபணுவில் ஒரு மாற்றம் கிடைத்தது. ஆனால் இடம் வேறு: 153 அல்ல, 114. அப்படியானால் கருங்கரடியின் பழுப்பு, கிரிஸ்லியோடு கூடிக் கலந்ததால் வந்த சொத்து அல்ல. இரண்டு சிற்றினங்களும் தனித்தனியாக, தங்கள் தங்கள் வழியில் பழுப்புக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ‘பழுப்புக் கருங்கரடி என்றால் அதில் கிரிஸ்லி ரத்தம் ஓடுகிறது’ என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லிவிடலாம்.

இந்த மாற்றம் எப்போது தோன்றியது என்றும் அவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். சுமார் 9,360 ஆண்டுகளுக்கு முன்பு, மேற்குப் பகுதிக் கரடிகளிடையே. கடைசி எண்வரை துல்லியமாகத் தோன்றுவதற்குக் காரணம், அது தலைமுறையிலிருந்து பெருக்கி எடுத்த மதிப்பீடு: ஒரு தலைமுறைக்கு ஆறரை ஆண்டு என்று வைத்தால் 1,440 தலைமுறை. பனியுகம் முடிந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆன காலம். ஒரே ஒரு கரடியில் தொடங்கிய எழுத்துப்பிழை இன்று பல மாநிலங்களில் பரவிக் கிடக்கிறது.

பிழை எப்படிப் பரவும்? இங்கேதான் விவாதம். பழுப்பு நிறம் கரடிக்கு ஏதாவது லாபம் தந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. என்ன லாபம் என்று பல காலமாக மூன்று யோசனைகள் உண்டு. மேற்கு வறண்ட வெட்டவெளி, வெயில் அதிகம். கறுப்பு வெப்பத்தை இழுக்கும், பழுப்பு அவ்வளவு இழுக்காது என்பது ஒன்று. கிரிஸ்லி வாழும் பகுதியில் கிரிஸ்லி மாதிரித் தெரிந்தால் மற்றவை பயந்து விலகும் என்பது இன்னொன்று. வெளிர் மண்ணும் காய்ந்த புல்லும் இடைவெளி விட்ட மரங்களும் உள்ள நிலத்தில் கறுப்பைவிடப் பழுப்பு கண்ணில் படாது என்பது மூன்றாவது. 2022 ஆய்வுக் குழு கடைசியாகச் சொன்ன உருமறைப்பின் பக்கம்தான் சாய்ந்தது. கிழக்கின் அடர்ந்த காட்டு நிழலில் கறுப்புக்குக் குறையேதும் இல்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், வரைபடத்தில் நிறங்கள் ஏன் அப்படிப் பிரிந்து கிடக்கின்றன என்பது ஓரளவு விளங்குகிறது. கிரிஸ்லி வேஷம் என்ற யோசனை கேட்க சுவாரஸ்யமாக இருக்கும், அதனால்தான் அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது என் சந்தேகம்.

வெள்ளைக் கருங்கரடி

இனி வெள்ளைக்கு வருவோம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் கடற்கரை மழைக்காடுகளிலும் தீவுகளிலும் வெள்ளை நிறக் கருங்கரடிகள் வாழ்கின்றன. பனிக்கரடி இல்லை, பனிக்கரடிக்கும் இதற்கும் நிறத்தைத் தவிர ஒற்றுமை குறைவு. ஆவிக்கரடி என்ற பொருள்படும் பெயர் இதற்கு உண்டு. அந்தக் கடற்கரையின் பூர்வகுடிகள் சொல்லும் ஒரு கதைப்படி, உலகம் முழுக்கப் பனி மூடிக் கிடந்த காலத்தை மறக்கக் கூடாது என்பதற்காகப் படைப்பாளியான அண்டங்காக்கை பத்துக் கருங்கரடிக்கு ஒன்றை வெள்ளையாக்கியது. பிரின்சஸ் ராயல் என்ற தீவில் வெள்ளைக் கரடிகளின் பங்கு ஏறக்குறைய பத்தில் ஒன்று என்று பின்னாளில் கணக்கிட்டார்கள். கதை சொன்னவர்கள் கரடிகளை நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் கிரிப்பெல் என்ற சிறிய தீவில் அந்தப் பங்கு இதைவிடப் பல மடங்கு.

1905-ல் நியூயார்க் விலங்குக் காட்சிசாலையின் வில்லியம் ஹார்னடே இந்த வெள்ளைத் தோல்களைப் பார்த்து, இது புதிய சிற்றினம் என்று முடிவு கட்டினார். பிரிட்டிஷ் கொலம்பியா அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் கெர்மோடின் பெயரைச் சூட்டினார். பிறகுதான் தெரிந்தது, இது தனிச் சிற்றினம் அல்ல, கருங்கரடியேதான் என்று. இப்போது கெர்மோட் கரடி என்பது ஒரு துணைச் சிற்றினத்தின் பெயர். வேடிக்கை என்னவென்றால், அந்தத் துணைச் சிற்றினத்தில் பெரும்பாலானவை கறுப்பு. கெர்மோட் கரடி என்றாலே வெள்ளை என்று பலரும் நினைக்கிறார்கள்; அப்படி இல்லை.

வெள்ளை என்றதும் அல்பினோ என்று தோன்றும். அதுவும் இல்லை. அல்பினோ என்றால் மெலனின் தயாரிப்பே நின்றுபோன நிலை. கண் இளஞ்சிவப்பாகத் தெரியும், மூக்கும் வெளுத்திருக்கும். இந்தக் கரடியின் மூக்கைப் பாருங்கள், கருமையாக இருக்கும். கண்களும் கருமை. முடி மட்டும்தான் வெளிர். அதிலும் பல கரடிகளில் முதுகுப் பக்கம் லேசான பழுப்பு மஞ்சள் சாயல் தெரியும். நாம் முன்பு பார்த்த எம்.சி.1.ஆர். ஸ்விட்ச்தான் காரணம். 2001-ல் கெர்மிட் ரிட்லண்டும் சக ஆய்வாளர்களும் அந்த மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள்: 298-ஆவது இடத்தில் டைரோசினுக்குப் பதில் சிஸ்டீன். இங்கேயும் ஓர் எழுத்து, இங்கேயும் வந்து உட்கார்ந்தது சிஸ்டீன். ஸ்விட்ச் அணைந்தால் கறுப்பு நிறமி நின்று வெளிர் வகை மட்டும் மிஞ்சும். மஞ்சள் லாப்ரடாரின் மூக்கு கறுப்பாக இருப்பதை நினைவுபடுத்திக்கொண்டால் இது சட்டெனப் புரிந்துவிடும்.

இது ஒடுங்கு பண்பு. பள்ளியில் மெண்டலின் பட்டாணிச் செடி பாடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு கரடியிடமும் இந்த மரபணுவின் இரண்டு பிரதிகள் உண்டு: அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. இரண்டும் மாறியிருந்தால்தான் வெள்ளை. ஒன்று மாறி இன்னொன்று சரியாக இருந்தால் கரடி கறுப்பு. வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. அப்படி மறைத்து வைத்திருக்கும் இரண்டு கறுப்புக் கரடிகள் சேர்ந்தால் என்ன ஆகும்? இரண்டு நாணயங்களைச் சுண்டுவது மாதிரி. இரண்டிலும் பூ விழ வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆக, கறுப்புத் தாய்க்கும் கறுப்புத் தந்தைக்கும் வெள்ளைக் குட்டி பிறக்கலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: வெள்ளைத் தாய், மறைவுப் பிரதி எதுவும் இல்லாத கறுப்புத் தந்தையோடு சேர்ந்தால் குட்டிகள் எல்லாமே கறுப்பு. வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்தால் மட்டும் எல்லாம் வெள்ளை.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம், கணக்குப் பிடிக்காதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடலாம். ஒரு காட்டில் 100 கரடிகள், அதில் 4 வெள்ளை என்று வைத்துக்கொள்வோம். கரடிகள் நிறம் பார்க்காமல் இணை சேர்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். 100-ல் 4 வெள்ளை வர வேண்டுமானால், மரபணுப் பிரதிகளில் ஐந்தில் ஒன்று மாறியதாக இருக்க வேண்டும். ஐந்தில் ஒன்றை ஐந்தில் ஒன்றால் பெருக்கினால் இருபத்தைந்தில் ஒன்று, அதாவது நூற்றுக்கு நான்கு. ஒரு பிரதியை மட்டும் மறைத்து வைத்திருக்கும் கறுப்புக் கரடிகள் எத்தனை? 32. கண்ணுக்குத் தெரியும் 4 வெள்ளைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் 32 கறுப்பு இந்த மரபணுவைச் சுமந்து திரிகின்றன.

இந்த 32-ஐ மறந்துவிட்டு வெள்ளையை மட்டும் காப்பாற்ற முடியாது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வெள்ளைக் கருங்கரடியைச் சுடத் தடை உண்டு. 2006-ல் அதை மாகாணத்தின் அதிகாரப்பூர்வப் பாலூட்டியாகவும் அறிவித்தார்கள். எல்லாம் சரி. ஆனால் வேட்டையில் விழும் கறுப்புக் கரடி ஒன்று நாளைய வெள்ளைக் குட்டியின் தாயாக இருந்திருக்கலாம் அல்லவா? 2020-ல் கிட்டாசூ-ஹைஹைஸ் பூர்வகுடியினரும் விக்டோரியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, இந்த மரபணு முன்பு நினைத்ததைவிடப் பாதிவரை அரிதாக இருக்கலாம் என்றது. அது அடிக்கடி கிடைக்கும் இடங்களில் ஏறக்குறைய பாதி, பாதுகாக்கப்பட்ட எல்லைக்கு வெளியே இருக்கிறது என்றும் சொன்னது. கரடிகளைப் பிடிக்காமலே இந்த விவரங்களைத் திரட்டினார்கள். வாசனை காட்டிக் கரடியை வரவழைத்து, சுற்றிக் கட்டிய கம்பியில் சிக்கும் முடியை எடுத்து அதிலிருந்து டி.என்.ஏ. பிரிப்பது இந்தத் துறையில் வழக்கமான உத்தி.

வெள்ளையால் என்ன பயன்? அடர்ந்த பச்சைக் காட்டில் வெள்ளைக் கரடி பளிச்சென்று தெரியுமே, நஷ்டம்தானே என்று தோன்றும். மீனின் கண்ணால் பார்க்க வேண்டும். இலையுதிர் காலத்தில் சால்மன் மீன்கள் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறி வரும். கரடிகள் ஆற்றில் நின்று பிடிக்கும். தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு, வெளிர் வானத்தின் பின்னணியில் கறுப்பு உருவம் பூதாகாரமாகத் தெரியும். வெள்ளை அவ்வளவாகத் தெரியாது. டாம் ரைம்ஷன், டான் கிளிங்கா என்ற இருவர் இரவும் பகலுமாக ஆற்றோரம் உட்கார்ந்து கரடிகள் மீன் பிடிப்பதை எண்ணினார்கள். பகலில் வெள்ளைக் கரடிகளின் வெற்றி விகிதம் கறுப்பைவிட மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதல். இருட்டியதும் அந்த மேன்மை காணாமல் போனது. இருட்டில் எல்லாக் கரடியும் கறுப்புதானே! குளிர்காலம் முழுக்கச் சாப்பிடாமல் கிடக்கப்போகும் ஒரு விலங்குக்குக் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு சால்மனும் சேமிப்புதான்.

நீலச் சாம்பல்

அலாஸ்காவின் தென்கிழக்கில், பனியாறுகள் கடலில் இறங்கும் யாகுடாட், கிளேசியர் பே பகுதிகளில், வெள்ளி கலந்த நீலச் சாம்பல் நிறக் கருங்கரடிகள் அபூர்வமாகத் தென்படும். பனியாற்றுக் கரடி என்பார்கள். வில்லியம் ஹீலி டால் 1895-ல் இதை விவரித்து, ஜார்ஜ் எம்மன்ஸ் என்ற கடற்படை அதிகாரியின் பெயரைச் சூட்டினார். கிட்டத்தட்ட வெள்ளியாக இருப்பதும் உண்டு. கறுப்பின் மேல் வெள்ளிப் பூச்சு மட்டும் தெரிவதும் உண்டு. இதற்கும் கறுப்பு உடன்பிறப்புகள் இருக்கும். நீலச் சாயம் கரடியிடம் கிடையாது என்று முன்னால் சொன்னது இங்கேயும் பொருந்தும்: நீலமாகத் தோன்றுவது நீர்த்துப்போன கறுப்புதான். இதை நேரில் பார்த்தவர்கள் குறைவு, படங்களும் குறைவு.

ஒரே கரடி, இரண்டு நிறம்

இதுவரை பேசியது பிறவி நிறம். அதற்கு மேல் வெயிலும் காலமும் தங்கள் பங்குக்குக் கைவைக்கின்றன. கருங்கரடி ஆண்டுக்கு ஒருமுறை, கோடையை ஒட்டி, பழைய முடியை உதிர்த்துப் புது முடி வளர்க்கும். போன வருடத்து முடி மாதக்கணக்கில் வெயில் பட்டுப்பட்டு நுனியில் செம்பட்டையாகியிருக்கும். மெலனினை வெயில் சிதைக்கிறது. நெடுநாள் வெயிலில் அலைபவர்களின் தலைமுடி செம்பட்டை அடிப்பதும் இதனால்தான். ஜூன் மாதம் துருப்பிடித்த பழுப்பாகக் கண்ட கரடியையே அக்டோபரில் பார்த்தால் தார் மாதிரி கறுத்துப் புசுபுசுவென்று இருக்கலாம். இரண்டு வேறு கரடிகளைப் பார்த்தோம் என்று சத்தியம் செய்பவர்களை நம்புவதற்கு முன் மாதத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

குட்டியாக இருந்தபோது ஒரு சாயல், வளர்ந்த பிறகு இன்னொரு சாயல் என்று மாறும் கரடிகளும் உண்டு. குளிர்கால வளைக்குள் ஜனவரி, பிப்ரவரியில் பிறக்கும்போது குட்டி அரைக் கிலோகூட இருக்காது. பெரும்பாலும் இரண்டு மூன்று குட்டிகள். ஒரு பருவத்தில் பெண் கரடி ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு சேர்வதால், ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குத் தந்தைகள் வேறாகவும் இருக்கலாம். நிறம் கலந்து பிறப்பதற்கு அதுவும் ஒரு வழி. வேறு தந்தை இருந்தாக வேண்டும் என்பது இல்லை. ஒரே பெற்றோரின் நாணயம் இருமுறை இரண்டு விதமாக விழுந்தாலே போதும்.

நெஞ்சில் வெள்ளைத் திட்டு இருப்பது இன்னொரு சிறு வேறுபாடு. சிலவற்றில் ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி, சிலவற்றில் வெறும் பொட்டு, பலவற்றில் ஒன்றுமே இருக்காது. மூக்கைச் சுற்றி மட்டும் பழுப்பாக இருப்பது கறுப்புக் கரடிகளில் வெகு சகஜம்.

அப்படியானால் அடையாளம் காண்பது எப்படி

நிறம் இப்படிக் காலை வாரும் என்றால், கிரிஸ்லியையும் பழுப்புக் கருங்கரடியையும் எப்படிப் பிரிப்பது? மேற்கு மாநிலங்களில் இது வெறும் பொது அறிவுக் கேள்வி இல்லை. மொன்டானாவில் கருங்கரடி வேட்டைக்கு அனுமதி வாங்க வேண்டுமானால், கரடிகளை அடையாளம் காணும் தேர்வில் தேறியாக வேண்டும். ஏனென்றால் கிரிஸ்லியைத் தவறிச் சுட்டால் அது சட்டக் குற்றம்.

பார்க்க வேண்டியது உடலை. கிரிஸ்லியின் தோள்களுக்கு மேல் திமில் புடைத்திருக்கும். தோண்டுவதற்கான தசை அது. கருங்கரடிக்குத் திமில் கிடையாது, நிற்கும்போது பின்பக்கம்தான் மேடாகத் தெரியும். கிரிஸ்லியின் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவே குழிவு இருக்கும். கருங்கரடியின் முகம் நேர்கோடாக இறங்கும். கருங்கரடியின் காதுகள் தலைக்கு மேல் எடுப்பாக நிற்கும். கிரிஸ்லிக்குக் காது சிறிது, வட்டம். கிரிஸ்லியின் முன்கால் நகங்கள் நீளம், லேசான வளைவு, பெரும்பாலும் வெளிர் நிறம். மண்ணைக் கிளற ஏற்றவை. கருங்கரடியின் நகங்கள் குட்டை, நன்றாக வளைந்தவை. மரம் ஏற ஏற்றவை. இதில் ஏதேனும் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. கரடி தலையைக் குனிந்தால் கருங்கரடிக்கும் திமில் இருப்பது மாதிரித் தோன்றும்.

இந்த விஷயத்தில் அறிவியலாளர்களை முந்திக்கொண்டவர்கள் உண்டு. 1806 மே 31. அமெரிக்காவின் மேற்கை ஆராயக் கிளம்பிய பயணக் குழுவின் தலைவர்களான மெரிவெதர் லூயிஸும் வில்லியம் கிளார்க்கும் பசிபிக் கரையிலிருந்து திரும்பும் வழியில், இன்றைய ஐடஹோவில் நெஸ் பெர்ஸ் என்ற பூர்வகுடி மக்களின் நாட்டில் முகாமிட்டிருந்தார்கள். அவர்களுடைய ஆள் ஒருவர் அன்று ஒரு கரடித் தோலை விலைக்கு வாங்கி வந்தார். வெளிர் செம்பழுப்பு நிறம். இது ஹோஹோஸ்ட் இல்லை, யாக்கா என்றார்கள் உள்ளூர்க்காரர்கள். லூயிஸுக்கு ஆர்வம் பற்றிக்கொண்டது. கைவசம் இருந்த தோல்களையெல்லாம் எடுத்து வந்து விரித்து, எது எது என்று கேட்டார். முடியின் நுனியில் வெண்பனி படிந்த மாதிரி இருந்த தோல்களை, அடி நிறம் எதுவாக இருந்தாலும், ஒரு பக்கம் ஒதுக்கி ஹோஹோஸ்ட் என்றார்கள். கறுப்பு, நெஞ்சில் வெள்ளை உள்ள கறுப்பு, பழுப்பு, வெளிர் செம்பழுப்பு எல்லாவற்றையும் சேர்த்து மறுபக்கம் வைத்து யாக்கா என்றார்கள். முதல் வகை, அதாவது நம் கிரிஸ்லி, மூர்க்கம், மரம் ஏறாது, நகம் நீளம். இரண்டாவது வகை, அதாவது கருங்கரடி, மரம் ஏறும், நகம் குட்டை, அவ்வளவு மூர்க்கம் இல்லை. லூயிஸ் அதையெல்லாம் அன்றைய நாட்குறிப்பில் எழுதி வைத்தார். கறுப்பிலிருந்து செம்பழுப்புவரை எல்லாம் ஒரே கரடி என்று அந்த மக்கள் தோல்களைப் பிரித்துக் காட்டி, நிறத்துக்குக் காரணமான மரபணு அகப்படும்வரை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.